நீம்ராணா கோட்டையில் இரண்டு இரவுகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. ஆனால் நான் எழுதப் போவது பெரும்பாலும் படிக்கட்டுகளைப் பற்றியது என்பதால், உன் முழங்கால் மறுபடியும் வலிக்கத் தொடங்கினால் என்னைக் குறை சொல்லாதே.

டெல்லியில் மகன் வீட்டில் இருந்தபோது, ராஜஸ்தானின் நீம்ராணா கோட்டையில் இரண்டு இரவுகள் தங்க அவன் ஏற்பாடு செய்திருந்தான். ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் போக வேண்டும். வழியில் ஒரு ஜப்பானியத் தொழிற்பேட்டை வருகிறது. அறையைக் குளிராக்கும் ஏசி செய்யும் டைக்கின் ஆலையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பினால், ஆரவல்லிக் குன்றின் சரிவில், கொலுப்படி கட்டியதைப் போல அடுக்கடுக்காக ஏறிப்போகும் கோட்டை கண்ணில் படுகிறது. 1192இல் தராயின் போரில் தோற்ற பிருத்விராஜ் சௌகானின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குடும்பத்தார் 1464இல் இதைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் மதில்கள் சரியத் தொடங்கியதால், அரச குடும்பம் கோட்டையை விட்டுக் கீழே இறங்கி வேறு மாளிகைக்குப் போய்விட்டது. பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தப் பாழை வாங்க ஆளில்லை. 1986இல் அமன் நாத்தும், இந்தியாவிலேயே குடியேறிவிட்ட பிரெஞ்சுக்காரரான பிரான்சிஸ் வாக்சியார்கும் அதை வாங்கிச் சீரமைத்து, 1991இல் சில அறைகளுடன் விடுதியாகத் திறந்தார்கள்.

உள்ளே எங்கே போவதானாலும் படிதான். சாப்பிடப் போக ஏற வேண்டும், தேநீருக்கு இறங்க வேண்டும், எங்கள் அறையின் குளியலறைக்குப் போகக்கூட ஏழு படிகள் இறங்க வேண்டும். நிலைவாசல் உயரம் குறைவு. முதல் நாள் மாலையிலேயே நெற்றியில் இடித்துக்கொண்டேன். உள்ளே நுழைபவன் யாராக இருந்தாலும் தலை குனிந்து வரட்டும் என்று சௌகான்கள் நினைத்திருப்பார்கள் என்று மகனிடம் விளக்கம் வேறு சொன்னேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, ஜரோகா என்று அங்குள்ளவர்கள் சொல்லும், சுவரைவிட்டு வெளியே நீண்ட மாடத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சாளரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை நீட்டியும் சுவரின் வெளிவிளிம்பு விரலுக்கு எட்டவில்லை. சுண்ணாம்புப் பூச்சு பனியில் சில்லென்றிருந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் ஒரு காவலன் குளிரில் விழித்திருந்திருப்பான் என்று எண்ணி, நீ பார்த்திருந்தால் கேலி செய்திருக்கும் அளவுக்கு உருகிப்போனேன்.

காலையில் தேநீர் கொண்டுவந்த பணியாளிடம் இந்தச் சுவருக்கு எத்தனை வயது இருக்கும் என்று மகனை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னேன். தன் தந்தை இந்தச் சுவருக்குக் கல் சுமந்ததாகவும், தான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். விசாரித்ததில், பழைய கோட்டையை ஒட்டி, அதே பாணியில், 1986க்குப் பிறகும் பல ஆண்டுகள் புதிய பகுதிகளைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பதும், எங்கள் அறை அதில் ஒன்று என்பதும் தெரிந்தது. விடுதிக்காரர்கள் இதை மறைக்கவும் இல்லை. நான்தான் கேட்காமலே காவலனைக் கற்பனை செய்துகொண்டேன்.

அப்போது உன் நினைவு வந்தது. தரங்கம்பாடியில், 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் மதிலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி, எதிரே இருந்த பழைய பங்களா விடுதியானதைப் பார்த்து, "காசுள்ளவன் தூங்குவதற்காகவா வரலாறு?" என்று நீ கோபப்பட்டாயே, அந்தப் பங்களாவை எடுத்து விடுதியாக்கியதும் இந்தக் கோட்டையை வாங்கிய இருவரின் நீம்ராணா நிறுவனம்தான். உன் கோபத்தில் பாதியை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். ஓர் இரவு வாடகையைக் கேட்டால், நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்து ஆறு மாதச் சம்பளம் நினைவுக்கு வரும். ஆனால் மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோட்டை என்பது ஒரே நாளில் கட்டி முடித்த பொருள் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அறையையோ மதிலையோ கூட்டிக் கட்டியதுதான். அந்த வரிசையில் கடைசியாகக் கட்டியவர்கள் விடுதிக்காரர்கள் என்று வைத்துக்கொண்டால் என்ன? சுண்ணாம்பு பூசவும் கல் செதுக்கவும் தெரிந்த உள்ளூர்க் கைகளுக்கு இத்தனை ஆண்டுகள் வேலை இருந்திருக்கிறது. செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்து ஓடு சரிந்த வீடுகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் வாடகைக்காரன் வந்த வீடுதான் இன்று நிற்கிறது.

உண்மையான பழமையைத் தேடி, மறுநாள் கோட்டையை விட்டு வெளியே, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் படிக்கிணற்றுக்குப் போனேன். பாவ்லி என்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டியது, தரைக்குக் கீழே ஒன்பது அடுக்கு. மேலே நின்று பார்த்தால் தரையில் ஓர் அகழி போலத்தான் தெரிகிறது. இறங்க இறங்கத் தூண் வரிசைகள் இருபுறமும் உயர்ந்துகொண்டே போகின்றன, வெளிச்சம் குறைகிறது, புறாக்களின் சிறகோசை கேட்கிறது. கட்டணமும் இல்லை, காவலும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரண்டு சிறுவர்கள் மூன்றாம் அடுக்கில் பட்டத்து நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாம் அடுக்கு வரை இறங்கினேன். திரும்ப ஏற வேண்டுமே என்ற கணக்கு அங்கே என்னை நிறுத்திவிட்டது. மாடத்தில் நான் கற்பனை செய்த காவலன் இங்கே நினைவுக்கு வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இத்தனை படிகளையும் தினமும் ஏறிய பெண்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி நான்கு அடுக்குகளை உன்னோடு இறங்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். மருத்துவர் அனுமதித்தால் தை மாதத்தில் போகலாம். கோட்டையில் பழைய பகுதியில், குளியலறைக்குப் படி இல்லாத அறையாக ஒன்று பார்த்து வைக்கச் சொல்லி மகனிடம் சொல்லிவிட்டேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்