தப்புக்கு முழுப்பேர் போடுவோம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தப்பு மேளம் அடிக்கும் அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும், மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்து பழக்கும் வாத்தியார்மாருக்கும் வணக்கம்.

நான் தலவாக்கலைப் பக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து போனில் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஓடுகிற வீடியோக்களை எடுத்துப் போடுகிறோம். உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம், வீட்டில் இருக்கிற பிள்ளையை வாசித்துக் காட்டச் சொன்னாலும் சரி.

போன வருஷம் எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சி, தன் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கடைசியாகக் கொழுந்தெடுத்த நாளை வீடியோ எடுத்தாள். மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அப்பாயி இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, தராசைப் பார்த்தபடி "நாளையில இருந்து எனக்குப் பேரு இல்லை" என்று சொன்னார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதிகிற கூலிக் கணக்கைத்தான் பேர் என்போம், முழு நாளுக்கு முழுப்பேர், அரை நாளுக்கு அரைப்பேர். அவ்வளவுதான் வீடியோ. பார்த்த எங்களுக்குத் தொண்டை அடைத்தது. தங்கச்சி அதற்குப் பின்னால் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து ஏற்றினாள், ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தளம் வீடியோவின் சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டது. பாட்டு மட்டும் போகவில்லை, அப்பாயியின் குரலும் சேர்ந்து போனது. போனில் இடம் இல்லை என்று அசல் வீடியோவை அவள் ஏற்கெனவே அழித்திருந்தாள்.

இது ஏன் நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். யூடியூப்பில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஒலிப்பதிவுகளை அதில் கொடுத்து வைக்கின்றன, ஏறுகிற ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் கைரேகை பார்ப்பது மாதிரி அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் விளம்பரப் பணம் உரிமைக்காரருக்குப் போகும், அல்லது வீடியோ தடைபடும். உரிமைக்காரர் நேரடியாகவே முறைப்பாடு செய்தால் அது இன்னும் பாரம், 90 நாட்களுக்குள் அப்படி 3 எச்சரிக்கை வந்தால் சேனலே போய்விடும். மற்றத் தளங்களும் இப்படித்தான் ஏதோ ஒரு முறை வைத்திருக்கின்றன. பத்து விநாடி போட்டால் பரவாயில்லை, கீழே பாடகர் பெயரை எழுதிவிட்டால் போதும் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், இரண்டும் சரியில்லை. பழைய பாட்டு என்றாலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை உரிமை இருக்கும். பாரதியார் 1921இல் இறந்தார், அவர் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் அதற்குச் சினிமாவில் போட்ட மெட்டும் அந்த ஒலிப்பதிவும் வேறு ஆட்களுடையவை.

சட்டப்படி எடுக்கக்கூடிய இசையே இல்லை என்று நான் சொல்லவில்லை. யூடியூப்பில் ஆடியோ லைப்ரரி இருக்கிறது. ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சவுண்ட் கலெக்‌ஷன் இருக்கிறது, டிக்டாக்கில் வியாபாரக் கணக்குகளுக்கென்று தனித் தொகுப்பு இருக்கிறது. ஆனால் ஒரு ஆப்புக்குள் கிடைக்கிற பாட்டுக்கான அனுமதி பெரும்பாலும் அந்த ஆப்போடு நின்றுவிடும், அங்கே செய்த வீடியோவை இறக்கி இன்னொன்றில் போட்டால் மறுபடி மாட்டிக்கொள்வோம். இவற்றையெல்லாம் நாங்கள் படித்து, பாவித்தும் பார்த்துவிட்டோம். கிட்டாரும் பியானோவும் நிறையவே கிடைக்கிறது, சுற்றுலா வீடியோவுக்கு நன்றாகவே இருக்கும். பனி விலகாத காலையில் மலைக்கு ஏறுகிற பெண்களைக் காட்டி அதற்குப் பின்னால் கடற்கரைக் கிட்டாரை ஓடவிட்டால் படம் ஒரு நாட்டிலும் சத்தம் வேறொரு நாட்டிலும் இருக்கிறது. எத்தனை தரம் மாற்றிப் பார்த்தும் எனக்கு அது ஒட்டவேயில்லை.

இந்த மலைக்கு ஒட்டுகிற சத்தம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் விடியற்காலை ஆட்களைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, கூப்பிட்டது தப்புச் சத்தம்தான். இன்றைக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் மாசி மாதக் காமன் கூத்துக்கும் அது இல்லாமல் முடியாது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்தபோது நாங்களும் எவ்வளவோ வீடியோக்களைப் பார்த்தோம், பகிர்ந்தோம். ஒரு பிள்ளை அந்த நடையைப் பற்றி வீடியோ செய்யலாம் என்று உட்கார்ந்தால், பயமில்லாமல் எடுத்துப் பாவிக்க உரிமத்தோடு ஒரு தப்புச் சத்தம் வேண்டும். நாங்கள் தேடிய இடங்களில் அப்படி ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் தப்பைப் பதிவு செய்ய எங்களை விடுங்கள். நடை அடி, ஓட்ட அடி, மெதுவாக ஏறி வருகிற அடி, ஒற்றைத் தப்பு, மூன்று தப்பு சேர்ந்தது, எல்லாம் தனித்தனியாக வேண்டும். காமனுக்கான சடங்குப் பாட்டுகளைக் கேட்கவில்லை, அவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வீடியோவுக்கென்றே நீங்கள் அடித்துத் தருகிற அடிகள் போதும்.

அப்புறம், இது உங்கள் உரிமை சம்பந்தப்பட்டது, எனவே மறைக்காமல் சொல்கிறேன். அடி யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்றாலும், நீங்கள் அடித்த அடிக்குக் கலைஞர் என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைச் சொல்கிறது. கேட்காமல் பதிவு செய்து போடுவது பிழை, எங்களில் சிலரும் முன்பு அப்படிச் செய்திருக்கிறோம். இப்போது நாங்கள் கேட்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற பொது உரிமத்தில், பெயர் குறிப்பிட்டால் யாரும் பாவிக்கலாம் என்ற வகை. அதில் ஒரு முறை கொடுத்த அனுமதியைத் திருப்பி எடுக்க முடியாது, காசு பார்க்கிற வீடியோவிலும் போடலாம், அதையும் யோசித்துத்தான் சம்மதிக்க வேண்டும். வியாபாரத்துக்கு வேண்டாம் என்றால் அப்படியும் ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தாலும் எங்களுக்குச் சம்மதம். மாற்றக்கூடாது என்ற வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், இசையை வீடியோக் காட்சியோடு பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றம் என்று கணக்கெடுக்கிறது, பிள்ளைகளால் பாவிக்கவே முடியாமல் போகும்.

இன்னொன்று. எல்லா ஆப்பிலும் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்து கையெழுத்துக் கேட்டால் உடனே போடாதீர்கள். அந்தப் பதிவை அவர்கள் தங்களுடையதென்று கன்டென்ட் ஐடியில் சேர்த்துவிட்டால், உங்கள் தப்பைப் பாவித்த உங்கள் பேரப்பிள்ளைக்கே தடை வரும். எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த பதிவை அங்கே சேர்க்கக் கூடாது என்பது யூடியூப்பின் விதி, ஆனாலும் சேர்த்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்றால், பெயர். இந்த உரிமத்தில் அதுதான் கட்டாயம். உங்கள் அடியைப் பதுளையில் ஒருவர் போட்டாலும் கனடாவில் ஒருவர் போட்டாலும் அடித்தவர் பெயரையும் நீங்கள் சொல்கிறபடி தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டும். எத்தனை சாவுக்கு, எத்தனை திருவிழாவுக்கு அடித்திருப்பீர்கள், அடித்தது யார் என்று எந்த நோட்டீசில் போட்டார்கள்? எங்கள் ஊரில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தப்பு அடிப்பவர்களை மரியாதையில்லாமல் கூப்பிட்டதைத்தான் கேட்டு வளர்ந்தேன், அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. காசு விஷயத்தில், பதிவு செய்கிற நாளுக்கு எங்கள் குழு சேர்த்து வைத்த பணத்தில் ஆளுக்கு ஒரு முழுப்பேர் தருவோம். அரைப்பேர் இல்லை.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு கெட்டுவிடும், அதனால் வெயில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்துச் சொல்லுங்கள். கோயில் முன்னால் இருக்கிற திடல் போதும், போனைப் பத்துக் காலடி தள்ளி வைத்தால் சத்தம் உடையாமல் வரும் என்று பழகிப் பார்த்துவிட்டோம். தப்புக் காய்ச்ச மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம். அப்பாயியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தரம் சொல்கிறாராம், பின்னால் உங்கள் தப்பு இருந்தால்.