மூன்றாம் டிகாக்ஷன்

ஜிம்மா, எத்தியோப்பியா

டேய் சேது,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். இந்த ஊர் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது. அந்தக் கணக்கில் நீ இன்னும் எனக்குக் கடிதமே எழுதவில்லை. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் வேறு. நாணா சாருக்குத் தெரிந்தால் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் எங்கே என்று கேட்பார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? என் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நலம் விசாரிப்பு முடிந்தது.

காப்பி பிறந்த ஊரில் இருக்கிறாயே, ஒரு மூட்டை அனுப்பு, 'எத்தியோப்பியா ஸ்பெஷல்' என்று போர்டு மாட்டுகிறேன், அதுவும் ஓடாவிட்டால் காப்பித்தூள் கடையை மூடிவிட்டு மொபைல் கவர் விற்கிறேன் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என் அவமானத்தைக் கேள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா காப்பிக்குக் கூப்பிட்டார். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, என் கண்ணெதிரே பச்சைக் கொட்டையை வறுத்தார். வறுத்த புகையை நாம் முகர வேண்டும் என்று சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து காட்டினார். கற்பூர ஆரத்தி மாதிரி நான் கையை நீட்டி ஒற்றிக்கொண்டேன், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்கிற மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடி இல்லாத குட்டிக் கோப்பையில் ஊற்றினார். கூடவே சோளப்பொரி. நான் ஒரு கோப்பை குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்துவிட்டேன். கல்யாணப் பந்தியில் சாம்பாரோடு எழுந்த மாதிரி! மூன்று சுற்று உண்டாம். அபோல், தோனா, பெரெகா. அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பதுதான். நம் வீட்டில் சம்பந்திக்கு இரண்டாம் டிகாக்ஷன் கொடுத்தால் கல்யாணமே நின்றுபோகும். இங்கே மூன்றாம் டிகாக்ஷனுக்குப் பெயரே 'ஆசீர்வாதம்'.

பால் அநேகமாகக் கிடையாது. கிராமத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போடுகிறார்கள். சில வீட்டில் நம் பாட்டிமார் குழந்தைக்கு மருந்தாகக் கொடுக்கும் அருவதா இலையைக் கோப்பையில் முக்கித் தருகிறார்கள். சிரிக்காதே, நன்றாகவே இருக்கிறது.

இனி சரக்கு. யிர்காசெஃபே பக்கத்துக் கொட்டையைக் கழுவிப் பதப்படுத்தியதில் மல்லிகைப்பூவும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். யாரோ பூக்கூடையில் வைத்து எடுத்துவந்தார்களோ என்று நினைத்தேன். ஹரார் கொட்டை பழத்தோடு வெயிலில் காய்ந்தது. நன்றாகக் கனிந்து லேசாகப் புளிக்க ஆரம்பித்த நாவல்பழம்தான். உன் கருக்கும் வறுப்பிலும் எழுபதுக்கு முப்பது சிக்கரியிலும் இதைப் போட்டால், பட்டுப்புடவையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கிய பாவம் உனக்கு.

காப்பிப்பழம் தின்ற ஆடுகள் துள்ளியதைப் பார்த்துக் காப்பியைக் கண்டுபிடித்தானாம் கால்டி என்கிற மேய்ப்பன். அந்தக் கதையை இங்கே குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அது முதலில் எழுத்தில் வந்தது 1671இல், ரோமில் அச்சான ஒரு லத்தீன் நூலில். அதில் மேய்ப்பனுக்குப் பெயரே இல்லை, மேய்த்தது ஒட்டகமா ஆடா என்பதிலும் குழப்பம். நான் இதை ஆசிரியர் அறையில் சொல்லி இரண்டு நண்பர்களை இழந்தேன். உண்மையில் வியக்கவேண்டியது காட்டைத்தான். இந்த நாட்டின் கஃபா வட்டாரத்துக் காடுகளில் காப்பி தானாக வளர்கிறது, ஒரு மரம்போல் இன்னொன்று இல்லை. அதில் ஒரு கைப்பிடிதான் கடல்தாண்டி ஏமனுக்குப் போனது. அங்கிருந்து பாபா புதன் என்கிற சூஃபி ஞானி ஏழு கொட்டையைச் சிக்மகளூருக்குக் கடத்திவந்தார் என்று கதை. உன் கடையில் விற்கும் பிளாண்டேஷன் ஏ, பீபரிக் கொட்டையெல்லாம் இந்தக் காட்டின் கொள்ளுப்பேரன்கள்தான். 1971இல் காப்பிக்காயை அழிக்கும் நோய் வந்தபோது ஜிம்மா ஆராய்ச்சி நிலையத்தார் காட்டு மரங்களிலிருந்துதான் தாங்கக்கூடியவற்றைப் பொறுக்கினார்கள். அவற்றின் பெயர்கள் 74110, 74112. 1974இல் எடுத்ததால் 74. மல்லிகை மணக்கும் காப்பிக்கு ரேஷன் கார்டு மாதிரி நம்பர்!

ஏற்றுமதித் தரக் கொட்டை இங்கே பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அம்மா வறுப்பது கழித்துப்போட்டது. அதிலேயே அந்த மணம். நாமோ நல்ல சரக்கு கிடைத்தாலும் அதில் சிக்கரி கலக்கிறோம்.

சேது, ஹரார் பக்கம் பலர் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு 'சாட்' என்கிற போதை இலையை நடுகிறார்கள். காப்பி வருடத்துக்கு ஓர் அறுப்பு, விலையும் நிச்சயமில்லை. இலையைப் பலமுறை பறிக்கலாம், கையில் உடனே காசு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன்னையும் குறைசொல்லவில்லை. வாடகை எவ்வளவு, இரண்டாவது பெண்ணின் காலேஜ் பீஸ் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் காலை ஆறு மணிக்கு உன் அப்பா வறுக்கும் மணத்தை வைத்துத்தானே நாம் பள்ளிக்கூடத்துக்கு எழுந்தோம். அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். பாலக்கரை மணி உன் கொட்டை வறுக்கும் ரோஸ்டருக்கு விலை பேசியிருக்கிறான் என்றாயே, ஜூலை வரை இழுத்தடி. அவனிடம் இழுத்தடிக்க உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஜூலையில் வருகிறேன். மூட்டையெல்லாம் கிடையாது, என் வேட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் யிர்காசெஃபே. இளம்பதமாக வறுக்கிறோம், உன் அப்பா முதல் கோப்பையைக் குடித்துவிட்டு என்ன திட்டுகிறார் என்று பார்ப்போம்.

சிக்கரி டப்பாவை அதற்குள் உமா எங்கேயாவது ஒளித்துவைக்கட்டும்.

உன்,
ரங்கு