ஜீப் உருவம் வேறு, நான்கு சக்கர இழுவை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி குறைந்ததும், மஹிந்திராவின் தார் போன்ற ஜீப் உருவ வண்டிகளைப் பற்றி விசாரிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் குறைப்பு எல்லாத் தாருக்கும் ஒரே அளவில் இல்லை. 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுடன் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் மூன்று கதவுத் தாருக்கு, செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்த்து 31 சதவீதமாக இருந்த வரி 18 ஆகிவிட்டது. அதே உருவத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் 2.2 லிட்டர் டீசல் தாருக்கு 48-லிருந்து 40 ஆகத்தான் இறங்கியது. இரண்டுக்கும் நடுவே 17 சதவீதப் புள்ளியாக இருந்த இடைவெளி இப்போது 22. டீசல் வண்டிக்கு நான்கு மீட்டருக்குள் நீளம், 1,500 சிசிக்குள் எஞ்சின் என்பதுதான் குறைந்த வரிக்கு அளவுகோல்; எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. 2024-ல் வந்த தார் ராக்ஸிலும் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கர இழுவை) டீசலுக்கு மட்டுமே உண்டு. ஆக, விலை இழுக்கிற பக்கம் போனால் கைக்கு வருவது பெரும்பாலும் பின்சக்கர இழுவை வண்டிதான்.

கோத்தகிரிக்கும் ஏற்காட்டுக்கும் தார்ச்சாலையில் போய்வர அது தாராளமாகப் போதும். எஸ்டேட் மண்பாதையில் மழைக்காலத்தில் ஏற வேண்டியவருக்குப் போதாது. பழைய வண்டி வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயரையும் முகப்பையும் பார்த்து முடிவு செய்யாமல் குனிந்து அடியில் பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கமிருந்து முன் அச்சுக்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் (சக்தியைக் கொண்டுபோகும் சுழல் தண்டு) போக வேண்டும். முன்பக்கமும் ஒரு டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஃபோர் வீல் டிரைவ் அல்ல. நான்கு சக்கரமும் இழுக்கும் மூன்று கதவுத் தாரிலும் மாருதி ஜிம்னியிலும் கியர் லீவருக்குப் பக்கத்திலேயே இரண்டாவது லீவர் இருக்கும்.

லீவர் இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய வேண்டும். வண்டியை மண்தரையில் நிறுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரலில் வைத்து ஃபோர் லோவில் (நான்கு சக்கர இழுவையின் மெதுவான, வலுவான நிலை) போடச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும். முதல் கியரில் ஐம்பது மீட்டர் நகர்த்தினால் 'டக் டக்' சத்தமோ கியர் நழுவுவதோ கூடாது. வருடக்கணக்கில் தொடாத லீவர் இறுகிப் போயிருக்கும். மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இழுவையின் வழக்கமான வேக நிலை) ஓட்டினாலே இந்தக் கோளாறு வராது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: பாதுகாப்பு என்று நினைத்து காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் ஓட்டுவது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். தார், ஜிம்னி, கூர்க்கா, ஹைலக்ஸ், வி-கிராஸ் எதிலும் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் ஹையில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. சேற்றில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முறுக்கெல்லாம் ஷாஃப்டிலும் கியர் பற்களிலும் ஏறுகிறது. ஸ்டீயரிங் கனக்கும், திருப்பத்தில் வண்டி இழுத்துப் பிடிக்கும், லீவர் திரும்ப வராது. அப்போது லீவரை ஓங்கி இழுக்காமல் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடும்.

டயரிலும் இதே கணக்குதான். செலவை மிச்சப்படுத்தப் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் மாட்டுகிறார்கள். புது டயரில் பட்டன் (டயர் மேடுகளின் உயரம்) 8 மி.மீ., முன்னால் உள்ள பழசில் 2 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 38 மி.மீ. வித்தியாசம். 255/65 ஆர்18 டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 முறை சுற்றும்; ஃபோர் ஹையில் போட்டால் நேர் ரோட்டிலும் கிலோமீட்டருக்கு 15 மீட்டர் முறுக்கு சேரும். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், முன்பின் இடம் மாற்றி ஓட்டுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தால் போதும். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் (காற்றுப் போக்குக் குழாய்) சேற்றால் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரெய்ன் பிளக் காந்தத்தில் கரிய பசை போல ஒட்டியிருந்தால் பயமில்லை; உலோகச் சில்லு இருந்தால் கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலின் முக்கியப் பல்சக்கரங்கள்) தேய்ந்து போய்க்கொண்டிருக்கிறது. அப்படியே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, தாரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சக்தி தரும் வளையும் மூட்டு) ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் என்றால் டிப்ஸ்டிக்கையும் (எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) கவனியுங்கள். ஊருக்குள் குறுகிய தூரம் மட்டுமே ஓடிய வண்டியில் புகைக்கரி வடிகட்டி சுத்தமாகாமல், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குறையாமல் கூடியிருந்தால் அதுவே அடையாளம்.

பெரிய டயர், புல் பார், உயர்த்திய சஸ்பென்ஷன் என்று அலங்கரித்த வண்டிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. விட்டம் 10 சதவீதம் பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 110-ல் போகும், இழுவையும் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும்.

டெல்லிப் பக்கம் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டால் பழைய மிட்சுபிஷி பஜேரோ, ஃபோர்டு எண்டவர் எல்லாம் மலிவாகத் தெற்கே வருகின்றன. அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (படிவம் 28), பெயர் மாற்றத்துக்கு 29, 30, புது எண்ணுக்கு 27, தமிழ்நாட்டு வாகன வரி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தபின் மலிவா என்று சொல்லுங்கள். எண்டவர் உருவான மறைமலைநகர் ஆலையில் இன்று அந்த உற்பத்தியே இல்லை. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும்.

பழைய வாகன வரிவிளம்பரங்களை வெளியிடும் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாடல், ஆண்டு, கிலோமீட்டர் ஆகியவற்றோடு 'ஃபோர் வீல் டிரைவா, பின்சக்கர இழுவையா' என்பதையும் விளம்பரதாரரிடம் கட்டாயம் கேட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாகனத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
மேட்டுப்பாளையம்.