‘கெட்’ என்றால் பார்த்துச் சொல்வது மட்டும்தான்

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில் வரும் ஜாவா என்கிற ப்ரோகிராம் மொழிப் பாடத்தை எங்கள் வீட்டில் விடாமல் படிப்பது என் அண்ணன் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன வாரம் வந்த வங்கிக் கணக்கு உதாரணத்தை அவள் லேப்டாப்பில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதில் ‘கெட் பேலன்ஸ்’ என்று ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் ப்ரோகிராம் துண்டு. (இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதினால் கண்ணை உறுத்தத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) இருப்பைத் திருப்பித் தருவதற்கு முன்னால், அது ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் அபராதத்தையும் அதுவே கழித்துவிடுகிறது. “ப்ரோகிராம் ஓடுதே அத்தை, இதுல என்ன தப்பு?” என்றாள். 900 ரூபாய் போட்டுவிட்டு அந்த மெத்தடை மூன்று முறை கூப்பிடச் சொன்னேன். 850, 800, 750. பாவம் அந்த வாடிக்கையாளர், பணம் எடுக்கவே இல்லை, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான்.

இதே பாடத்தைப் பற்றி முன்பு ஒரு வாசகர் எழுதியிருந்தார், பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து கிடக்கிறது என்று. அவர் சொன்னது சரிதான், ஆனால் அது சின்ன விஷயம். ஜாவாவில் மெத்தட் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும், சி ஷார்ப்பில் பெரிய எழுத்தில் தொடங்கும், பைத்தானில் எல்லாமே சிறிய எழுத்து, நடுவே அடிக்கோடு. மொழிக்கு மொழி மாறும், ஊருக்கு ஊர் வழக்கம் மாதிரி. தப்பாக அடித்தால், ப்ரோகிராம் அடிக்கிற எடிட்டர் மென்பொருளே கோடு போட்டுக் காட்டும். ‘கெட்’ என்று பேர் வைத்துவிட்டு உள்ளே பணத்தைக் கழித்தால் எந்த எடிட்டர் காட்டிக்கொடுக்கும்?

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பள்ளிக்கூடங்களுக்கான கட்டண மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய கோடில் (ப்ரோகிராம் வரிகளில்) ‘ரிசீட் நம்பர்’ என்று ஒரு ப்ராப்பர்ட்டி, அதாவது பெயரைச் சொன்னால் ஒரு மதிப்பைத் தருவது. பெயரைப் பார்த்தால் சும்மா ஒரு எண்ணைத் தருகிற மாதிரி இருக்கிறது, நிஜத்தில் ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் தரும். நான் அச்சடிப்பதற்கு முன் ரசீதைத் திரையில் காட்டும் வசதியைச் சேர்த்தபோது அதையே பயன்படுத்திவிட்டேன். அப்புறம் என்ன, அலுவலர் ரசீதைப் பார்த்துவிட்டு மூடினால் ஒரு எண் காலி. வருடக் கடைசியில் ஆடிட்டர் வந்து, நடுவில் காணாமல்போன ரசீதுகள் எங்கே, அந்தப் பணம் எங்கே என்று கேட்டபோது அந்தப் பள்ளியின் காசாளர் அம்மா அழாத குறை. இதில் இன்னொரு கூத்து, நாங்கள் பக் (பிழை) தேடிய விதம். விஷுவல் ஸ்டுடியோ என்ற, ப்ரோகிராம் எழுதும் மென்பொருளில் ப்ரோகிராமைப் பாதியில் நிறுத்தி, பெயரின் மேல் மவுஸை வைத்தால் மதிப்பைக் காட்டும், இல்லையா? காட்டுவதற்காக அது அந்த ப்ராப்பர்ட்டியை ஓட்டிப் பார்க்கும். ஆக, தேடத் தேட நாங்களே எண்களைத் தின்றுகொண்டிருந்தோம். கடைசியில் அதை மெத்தடாக மாற்றி ‘இஷ்யூ நெக்ஸ்ட் ரிசீட் நம்பர்’ என்று பேர் வைத்தோம். நீளமான பெயர்தான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தெரியாமல் தொடவில்லை.

ப்ராப்பர்ட்டிக்குப் பெயர்ச்சொல், மெத்தடுக்கு வினைச்சொல் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கு மேலும் கொஞ்சம் போகலாம், நம் பள்ளி இலக்கணமே போதும். ‘அடுக்கு’ என்றால் ஏவல், ‘அடுக்கிய’ என்றால் பெயரெச்சம். பைத்தானில் ‘சார்ட்’ (அடுக்கு) என்று ஒரு பட்டியலிடம் சொன்னால் அந்தப் பட்டியலே கலைந்து வரிசையாகும். ‘சார்ட்டட்’ என்றால் அது அப்படியே இருக்கும், அடுக்கிய புதுப் பட்டியல் ஒன்று கைக்கு வரும். ஸ்விஃப்ட் மொழியில் இதைப் பெயர் வைக்கும் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் வெறும் ‘சார்ட்’ மட்டும்தான் ரொம்ப காலம் இருந்தது, மூலப் பட்டியலையே கலைத்துவிடும். கலைக்காத ‘டு சார்ட்டட்’ 2023-இல்தான் வந்து சேர்ந்தது.

ஜாவாக்காரர்களே தப்பு பண்ணியிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். பண்ணியிருக்கிறார்கள்தான். ஜாவாவில் தேதிகளைக் கையாளும் பழைய ‘டேட்’ கிளாஸில் ‘கெட் டே’ என்றால் தேதி வராது, கிழமை வரும். தேதிக்கு ‘கெட் டேட்’. ‘கெட் இயர்’ என்றால் வருடத்தில் 1900-ஐக் கழித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்டும் இதை அப்படியே இறக்கிக்கொண்டது. இது தெரியாமல் முன்னால் வெறுமனே 19 என்று ஒட்டிவைத்த இணையப் பக்கங்கள் 2000 ஜனவரி முதல் தேதியன்று வருடத்தை 19100 என்று காட்டின. ஜாவாஸ்கிரிப்டில் ‘கெட் ஃபுல் இயர்’ என்று இன்னொரு பெயர் இருப்பதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

எனவே அடுத்த பாடத்தில் அந்த வங்கிக் கணக்கைத் திருத்திப் போடுங்கள். ‘கெட் பேலன்ஸ்’ இருப்பை மட்டும் சொல்லட்டும், அபராதத்துக்கு ‘சார்ஜ் பெனால்ட்டி’ என்று தனியாக ஒரு மெத்தட் இருக்கட்டும். நாலு வரிதான் கூடும். இதைப் பார்த்துப் பழகுகிற பிள்ளைகள்தானே நாளைக்கு நிஜ வங்கிக்குக் கோடு எழுதப்போகிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த வங்கிக் கணக்கு உதாரணத்திலேயே டிசம்பர் வட்டியைச் சேர்ப்பதற்கு, அந்தப் பழைய ‘டேட்’ கிளாஸின் ‘கெட் மன்த்’ 12-ஆ என்று பார்க்கிறீர்கள். அதில் ஜனவரி 0, டிசம்பர் 11. அந்த வட்டி எந்த வருடமும் யாருக்கும் வராது.

இப்படிக்கு,
கோடு எழுதிப் பிழைக்கும் ஒரு வாசகி,
ஈரோடு