அலமாரியில் பூட்டிய அட்டை

அன்புத் தோழிக்கு,

ஆட்டிசம் உள்ள உன் மகனைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் அடுத்த வரியிலேயே, பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் அரை மணி நேரம்தான் என்று எழுதியிருந்தாய். பத்து நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. கூடுதல் நேரம் கண்டிப்பாகக் கேள். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பயிற்சி அறையில் நடப்பது அவன் வகுப்புக்கு வந்து சேர்கிறதா என்று பார்.

முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்பான். நாம் அவனிடம் கேட்பதுதான் அவனுக்குத் தெரிந்த வாக்கியம். புதிதாக வந்த ஆயா, "எனக்கு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். அடம் என்றார்கள். ஆனால் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அவனுக்குப் பட அட்டையை எடுத்து நீட்டிக் கேட்கப் பழக்கியிருந்தார், அவர் அறையில் அழகாக நீட்டுவான். அந்த அட்டை அவருடைய அலமாரிக்குள் பூட்டியிருந்தது. அவர் வருவதோ வியாழக்கிழமை மட்டும். மற்ற நான்கு நாளும் குழந்தைக்கு வாயே இல்லை. நானும் அதே வகுப்பில்தான் இருந்தேன், சாவியைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. இன்றைக்கும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வது புதிய சங்கதியும் இல்லை. மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஓரிடத்தில் பழகியது இன்னோர் இடத்துக்குத் தானாக வருவதில்லை. அதனால்தான் தெரபிஸ்ட் வகுப்புக்குள் வர வேண்டும், மிஸ்ஸும் ஆயாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன். அட்டையின் பிரதி ஒன்று பையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். படம் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்று யாராவது உன்னைப் பயமுறுத்தினால் நம்பாதே. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சில குழந்தைகளுக்கு அதுவே பேச்சுக்கும் கைகொடுக்கிறது.

அப்புறம், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது அன்றாட வேலைகளுக்கும் சத்தம், தொடுதல் போன்ற சிரமங்களுக்கும் உதவுகிறவரிடம், சொன்னாயா? உட்காரும் இடத்தை மாற்றிப் பார்க்கலாம், காதுக்கு உறை போட்டுப் பார்க்கலாம். அதற்குத் தனி அறையோ தனி நேரமோ வேண்டியதில்லை.

என் முழங்கால் வலி பரவாயில்லை, தரையில் உட்கார்ந்துதான் இன்னும் பாடம் எடுக்கிறேன். நீ ஒன்று செய். தண்ணீர், பசி, கழிப்பறை, போதும் என்பது, இந்த நாலுக்கும் அவன் வீட்டில் என்ன செய்கிறான், என்ன சொல்கிறான் என்று ஒரு வாரம் கவனித்து எழுது. ஒரு பிரதி அவன் மிஸ்ஸுக்கு, ஒன்று எனக்கு.

அன்புடன்,
உன் தோழி