வாடியும் சாவியும் தந்தவர்களுக்கு

திருக்கடலூர் அயலாருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பொக்சிங் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் அயர்லாந்துக் குத்துச்சண்டை வீராங்கனை கேற்றி ரெய்லரின் சண்டைகளைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினோம். அதற்குக் கைகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி சம்மாட்டி ஐயாவுக்கு. மண்டபம் கேட்டுப் போன ஓரிடத்தில், பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தச் சண்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, உங்கள் மீன்பிடிக் கொட்டகையான வாடியைத் திறந்துவிட்டீர்கள்.

ரெய்லர் பழகியதும் கடலோரம்தான். அயர்லாந்தில் பிறே என்ற ஊர், துறைமுகத்தருகே ஒரு பழைய படகுக் கொட்டகை, பயிற்சியாளர் அவருடைய அப்பா. பெண்களுக்குப் போட்டியே இல்லாத காலத்தில் தலைக்கவசத்துக்குள் முடியை மறைத்து, பையன் போலப் போய் ஆடியவர். 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதல் ஒலிம்பிக்குக்கு வந்தது. அதில் ரஷ்யாவின் சோபியா ஒச்சிகாவாவை 10-8 என வென்று தங்கம் எடுத்தார்.

2016 ரியோவில் காலிறுதியோடு வெளியேறி, அதே நவம்பரில் தொழில்முறைக்குப் போனார். அங்கே தலைக்கவசம் இல்லை. அவர் ஆடிய ஒலிம்பிக்குகளில் நான்கு சுற்று, தொழில்முறைப் பட்டச் சண்டையில் பத்து. 2022 ஏப்ரலில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டனில் அமண்டா செரானோவுடன் மோதினார். அந்த அரங்கில் பெண்களின் சண்டை பிரதான சண்டையானது அன்றுதான். ஐந்தாம் சுற்றில் ரெய்லர் தள்ளாடியபோது, "ரீச்சர், விழப்போறா" என்று ஒரு பிள்ளை என் கையைப் பிடித்தது. பத்தாம் சுற்று முடிந்து ரெய்லருக்கு வெற்றி அறிவிக்கும்வரை விடவே இல்லை.

படம் காட்ட மல்டிமீடியா புரொஜெக்டர் கொண்டுவந்த தம்பி, நான் வெற்றிகளை மட்டும்தான் போட இருந்தேன். 2023 மே மாதம் சொந்த நாட்டிலேயே, டப்ளினில், சாண்டல் கமரனிடம் தோற்றதையும் போடச் சொன்னீர். நீர் சொன்னதுதான் சரி. அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் இருந்த பிள்ளைகள், அதே அரங்கில் நவம்பரில் அவர் திருப்பி வென்றபோது போட்ட கூச்சல் கடற்கரை முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்புறம், தேத்தண்ணிக் கடை அக்கா. பிறே கொட்டகையில் கழிப்பறை இல்லை, ரெய்லர் பக்கத்து மதுக்கடைக்குத்தான் போய்வருவார் என்று நான் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருசமாக உங்கள் கடைக்குப் பின்னால்தானே போய்வருகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுப் பழக வராமல் நின்ற இரண்டு பேர், "கேக்கத் தேவையில்லை, எடுத்துக்கொண்டு போங்கோ" என்று நீங்கள் சாவியை வெளி ஆணியில் மாட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்கள். அந்தச் சாவிக்கு நன்றி அக்கா.