ஈ.பி.எவ் காசிலை கை வைக்காதை

யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று போனிலை, ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்துக் கலியாணச் செலவுக்குப் பாவிப்பமோ எண்டு கேட்டனி. பக்கத்திலை பெரியம்மா நிண்டவ. அதாலை "பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. எடுக்காதை.

உன்ர சிநேகிதி சொன்னது பிழையில்லை. கலியாணத்துக்காக வேலையை விடுற பொம்பிளையள் தங்கடை சேமலாப நிதியை எடுக்கலாம் எண்டு சட்டத்திலை இருக்கு. அது 1958ஆம் ஆண்டுச் சட்டம். கலியாணம் கட்டினவள் இனி வீட்டோடை எண்டு நினைச்சிருப்பினம். நீ அப்பிடியே? வைகாசியிலை கலியாணம், ஆவணியிலை வேறை கொம்பனி எண்டு திட்டம் போட்டு வைச்சிருக்கிறாய். பிறகு என்னத்துக்கு உந்தக் கதவாலை போறாய்?

மாசாமாசம் சம்பளத்திலை வெட்டுறாங்கள் எண்டு புறுபுறுப்பாய். கணக்கைப் பார். சம்பளம் 150,000 எண்டால் உன்னட்டை 8 சதவீதம், 12,000. கொம்பனி தன்ர பங்குக்கு 12 சதவீதம், 18,000 போடுது. மாசம் 30,000 உன்ர பேரிலை சேருது. இதைவிட ஈ.ரி.எவ்வுக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) கொம்பனி 3 சதவீதம், 4,500. அதிலை உன்ர காசு ஒரு சதமும் இல்லை. நீ குடுக்கிறது 12, உனக்குச் சேருறது 34 ஆயிரத்து ஐந்நூறு. எந்தச் சீட்டிலை உப்பிடித் தருவினம்?

இப்ப அதிலை 15 இலட்சம் கிடக்கு எண்டாய். வருசம் 9 சதவீத வட்டி கிடைச்சால் காசு 8 வருசத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும். அப்ப இனி ஒரு சதம் போடாட்டிலும், 24 வருசத்திலை, உனக்கு 53 வயசாகேக்கை, அந்த 15 இலட்சம் 1 கோடி 20 இலட்சம். கோடி எண்ட உடனை வாயைப் பிளக்காதை. சாமான் விலை வருசத்துக்கு 5 சதவீதம் ஏறினால் அந்தக் கோடியும் இருவதும் இண்டையான் காசுக்கு 37 இலட்சம்தான் பெறும். அப்பிடிப் பாத்தாலும் இரண்டரை மடங்கு. அதை ஒருநாள் மண்டபத்துக்கும் பூ அலங்காரத்துக்கும் ட்ரோன் கமெராவுக்கும் குடுக்கிறது விதைநெல்லை அவிச்சுத் தின்னுற வேலை.

ஈ.பி.எவ் மட்டும் காணும் எண்டும் நான் சொல்லமாட்டன். 2022ஐ நீ கொழும்பிலை நிண்டு பாத்தனி. பங்குனித் தொடக்கத்திலை 200 ரூபாயாக இருந்த டொலர் வைகாசியிலை 360க்குப் போச்சு. புரட்டாதியிலை பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்ட. அந்த வருசம் சேமலாப நிதி குடுத்த வட்டி 9. உள்ள காசு கணக்கிலை கூடிச்சுது, கடையிலை குறைஞ்சுது. அதாலை ஒரே பெட்டியிலை எல்லாத்தையும் வையாதை. ஆனா பெட்டியை உடைக்கவும் வேண்டாம். அதுக்குப் பக்கத்திலை இன்னொண்டை வை. சம்பளம் வந்த அண்டைக்கே ஒரு 15,000ஐ வேறை கணக்குக்கு மாத்து. மாச முடிவிலை மிஞ்சிறதைப் போடுவம் எண்டால் ஒருநாளும் மிஞ்சாது. ஆறு மாசச் செலவுக்கு அதிலை காசு சேர்ந்தாப் பிறகு நிலையான வைப்போ, திறைசேரி உண்டியலோ (அரசாங்கத்துக்குக் குறுகிய காலக் கடனாகக் குடுக்கிறது) எண்டு யோசிக்கலாம். 2022 கடைசியிலை 20 சதவீதத்துக்கு மேலை தந்த வங்கியள் இப்ப அதிலை பாதியும் தராது. 2025 சித்திரையிலிருந்து வட்டியிலை 10 சதவீத வரியும் வெட்டுறாங்கள். அதுக்காக, எவனோ கூட வட்டி தாறன் எண்டு நிதிக் கொம்பனி நோட்டீசோடை வந்தால் ஓடிப்போய்ப் போடாதை. மத்திய வங்கியிலை அனுமதி இருக்கோ எண்டு முதல் பார். அனுமதி இருந்தாலும், விழுந்தால் காப்புறுதியிலை வாறது ஒரு நிறுவனத்துக்கு 11 இலட்சம் மட்டும்தான்.

நகை ஆபத்துக்கு உதவும் எண்டு பெரியம்மா சொல்லுறதிலை ஞாயம் இருக்கு. 1995 ஐப்பசியிலை சண்டையாலை ஊரே எழும்பி நாவற்குழிப் பக்கத்தாலை போகேக்கை, தென்மராட்சியிலை கனபேருக்குச் சோறு போட்டது மடியிலை கட்டிக்கொண்டுபோன பவுண்தான். அந்தப் பயம் எங்கடை சந்ததிக்குப் போகாது, போகவும் வேண்டாம். ஆனா கஸ்தூரியார் வீதியிலை வாங்கேக்கை செய்கூலி, சேதாரம் எண்டு குடுக்கிறது விக்கேக்கை திரும்பி வராது. தாலிக்கொடி எத்தினை பவுண் எண்டதை மாப்பிள்ளை வீட்டாரோடை நான் கதைக்கிறன். அதுக்கு மேலை வேணுமெண்டால் பவுண் காசாக வாங்கு, நெக்லஸாக வாங்காதை.

இப்ப காணி விசயம். சீதனமாகத் தாற வளவு உன்ர பேரிலைதான் எழுதுவம். வயசுபோன காலத்திலை அதை வித்துச் சாப்பிடலாம் எண்டு மனசிலை ஒரு கணக்கு வைச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். தேசவழமையிலை (எங்கடை யாழ்ப்பாணத் தமிழற்றை வழமைச் சட்டம்), 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர பேரிலை இருக்கிற காணியையும் புருசன்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் விக்கேலாது. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, நான் அவரைக் குறை சொல்லேல்லை. ஆனா அவருக்கும் ஒருநாள் கோவம் வரலாம், வருத்தம் வரலாம், வெளிநாட்டிலை நிக்கலாம். சேமலாப நிதிக்கு அப்பிடியில்லை. 50 வயசிலை நீயே போய் உன்ர கையெழுத்தோடை எடுக்கலாம். ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. உனக்கெண்டு அப்பிடி இருக்கிறது அது ஒண்டுதான், அதைத்தான் முதல்லை கரைக்கப் பாக்கிறாய்.

எனக்கு அரசாங்கப் பென்சன் இருக்கு. வருசத்துக்கு ஒருக்கா, நான் இன்னும் உயிரோடை இருக்கிறன் எண்டு ஜி.எஸ்ஸிட்டை (கிராம சேவகர்) கையெழுத்து வாங்கிக் குடுத்தால் காணும் (அந்தாள் என்னை மேலும் கீழும் பாத்துப்போட்டுத்தான் போடுவார்), சாகுமட்டும் மாசாமாசம் வங்கிக்கு வரும். உங்களுக்கு ஒருமிக்கத் தந்திட்டு விட்டிடுவாங்கள். 30 வருசத்துக்கு அதைப் பிரிச்சுச் சாப்பிடுறது உன்ர கெட்டித்தனம்.

இன்னொண்டு. நீ உந்தக் கொம்பனிக்கு வந்தது ஆவணியிலை எண்டுதான் எனக்கு ஞாபகம். வாற ஆவணியோடை 5 வருசம் முடியுது. 15 பேரோ அதுக்கு மேலையோ வேலை செய்யிற இடத்திலை 5 வருசம் முடிச்சவைக்குப் பணிக்கொடை குடுக்கவேணும், வருசத்துக்கு அரை மாசச் சம்பளம். உனக்கு 375,000. சித்திரையிலை விட்டால் ஒரு சதமும் இல்லை. புதுக் கொம்பனிக்காரர் ஆவணி கடைசி மட்டும் பொறுப்பினமோ எண்டு கேள். பொறுக்காட்டில் அந்தக் காசைச் சேர்ந்தவுடனை தரச் சொல்லிக் கேள். கேக்கிறதிலை வெக்கமில்லை.

கலியாணச் செலவுக்கு அப்பாவும் நானும் ஒதுக்கி வைச்சது இருக்கு. அதுக்குள்ளை செய்வம். 600 பேர் எண்ட பட்டியலை 300 ஆக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். யாரை விடுறதெண்டு பெரியம்மாவோடை சண்டை பிடிக்கிறது என்ர வேலை. நீ வேலைக்குச் சேர்ந்த கடிதத்திலை திகதியைப் பாத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலை அனுப்பு. அது வராமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டமாட்டன்.

அன்புடன்,
அம்மா